மக்கு என்ற பிள்ளைகளும் மாண்டிசோரி அம்மையாரும்

நம் சங்கத்தின் எந்தக் கூட்டத்தை எடுத்துக்கொண்டாலும் ஒரு புகார் தவறாமல் வரும். படிக்கட்டுச் சுவரில் பிள்ளைகள் கிறுக்குகிறார்கள், லிஃப்ட் பொத்தானை எல்லாம் அழுத்திவிட்டு ஓடுகிறார்கள், பெயின்ட் அடித்து ஆறு மாதம்கூட ஆகவில்லை என்று. 1907-இல் ரோம் நகரத்தில் சான் லொரென்சோ என்ற தொழிலாளர் பகுதியின் அடுக்குமாடி வீடுகளிலும் இதே புகார்தான் இருந்தது. அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போய்விடுவார்கள். பள்ளிக்கூட வயது வராத பிள்ளைகள் நாள் முழுக்க மாடிப்படியில் ஆட்டம் போட்டுச் சுவரைப் பாழாக்கினார்கள். கட்டடங்களைப் புதுப்பித்து வாடகைக்கு விட்டிருந்த நிறுவனம் ஒரு கணக்குப் போட்டது. சுவரைப் பழுதுபார்க்க வருஷாவருஷம் செலவழிக்கும் பணத்தில், ஓர் அறையை ஒதுக்கி, ஒரு ஆளை அமர்த்தி, அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டுவிடலாம். வங்கியில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நல்ல கணக்கு.

அந்த வேலையை மேற்பார்வை பார்க்க அழைக்கப்பட்டவர்தான் டாக்டர் மரியா மாண்டிசோரி. நம் ஊர்ப் பெயர்ப்பலகைகளில் தெருவுக்குத் தெரு பார்க்கிறோமே, அதே மாண்டிசோரி. அவர் கதை என்றால் சான் லொரென்சோவிலிருந்துதான் பலரும் தொடங்குவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு முந்திய எட்டுப் பத்து வருடங்கள். படிப்பு ஏறாது என்று ஒதுக்கிவைத்த பிள்ளைகளோடு அவர் இருந்த காலம் அது.

இத்தாலியில் கியாரவாலே என்ற சிற்றூரில் 1870 ஆகஸ்டு 31-ஆம் தேதி பிறந்தார். அப்பா அலெசாண்ட்ரோ, அரசாங்கப் புகையிலைத் துறையைச் சேர்ந்த நிதி அதிகாரி. அம்மா ரெனில்டே அந்தக் காலத்துக்கு நிறையப் படித்த பெண்மணி. அப்பாவுக்கு மாற்றல் வர, குடும்பம் ரோம் போய்ச் சேர்ந்தது. பெண்கள் படித்தால் டீச்சர் வேலைக்குத்தான் என்று இருந்த நாளில், இந்தப் பெண் பதிமூன்று வயதில் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தாள். முதலில் இன்ஜினியர் ஆக ஆசை, பிறகு டாக்டர். அப்பாவுக்குத் துளியும் சம்மதமில்லை. ஆண் மாணவர்களோடு சேர்ந்து உடற்கூறு வகுப்பில் நிற்பது முறையில்லை என்று, மற்றவர்கள் எல்லாரும் போன பிறகு மாலையில் தனியாக இருந்து பிணத்தை அறுத்துப் படிக்கவேண்டியிருந்தது. 1896-இல் டாக்டர் பட்டம் வாங்கினார். இத்தாலியில் அந்தப் பட்டம் வாங்கிய முதல் சில பெண்களில் ஒருவர்.

ரோம் பல்கலைக்கழக மனநல மருத்துவப் பிரிவில் வேலை. அதற்காக நகரத்து மனநோயாளர் விடுதிகளுக்குப் போய்வருவார். அங்கே பெரியவர்களோடு சேர்த்துச் சிறு பிள்ளைகளையும் அடைத்து வைத்திருந்தார்கள். பேச்சு வராதவர்கள், வலிப்பு உள்ளவர்கள், பள்ளிக்கூடத்தில் எதுவும் ஏறாமல் வெளியே தள்ளப்பட்டவர்கள் எல்லாருக்கும் ஒரே முத்திரைதான், மந்தபுத்தி. சாப்பாடு முடிந்ததும் அந்தப் பிள்ளைகள் தரையில் கிடந்த ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குவதைப் பார்த்த காவலாளி முகம் சுளித்தாளாம். அம்மையாருக்கு வேறொன்று தோன்றியது. வெறும் சுவரும் வெறும் தரையுமாக இருந்த அந்த அறையில், கையால் எடுத்து உருட்டிப் பார்க்க அந்தத் துணுக்குகளைத் தவிர வேறு எதுவுமே இல்லை. பசி வயிற்றில் இல்லை, கையில் இருந்தது.

அவர் பட்டம் வாங்கிய அதே 1896-இல்தான் இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்ற டாக்டர், பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் என்ற இதழில் பதினான்கு வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார். கெட்டிக்காரன், கணக்கில் சூரன், கண்ணிலும் குறையில்லை, ஆனால் எழுத்துகளைச் சேர்த்து ஒரு சொல்லைப் படிக்க முடியவில்லை. நாம் இன்று டிஸ்லெக்சியா என்கிறோமே, அதைப் பற்றிய முதல் விவரமான மருத்துவக் குறிப்புகளில் அது ஒன்று.

இதைப் படித்தபோது எனக்கு என் பெரியப்பா மகன் ஞாபகம்தான் வந்தது. எங்களுக்கு நாட்டரசன்கோட்டை. நூற்றுக்கு மாதம் ஒன்றேகால் ரூபாய் வட்டி, நாற்பத்தேழு நாளைக்கு எவ்வளவு என்று கேட்டால் அண்ணன் காகிதம் பென்சில் இல்லாமல் சொல்லிவிடுவார். நான் பி.காம். படித்துவிட்டு அதே கணக்கைத் தாளில் போட்டுக்கொண்டிருப்பேன். ஆனால் புத்தகத்தைத் திறந்தால் அண்ணனுக்கு எழுத்து எல்லாம் இடம் மாறிவிடும். பெரியம்மா எங்கள் ஊர்க் கண்ணாத்தாள் கோயிலுக்கு அழைத்துப்போய் வேண்டிக்கொண்டார்கள், பிள்ளைக்குக் கண்ணில் கோளாறு என்று. கண் நன்றாகத்தான் இருந்தது. எங்கள் ஊரில்தான் கம்பர் சமாதி இருக்கிறது. அந்த மண்ணை எடுத்துக் குழந்தை நாக்கில் வைத்தால் தமிழ் நன்றாக வரும் என்பது நம்பிக்கை, அதையும் வைத்தாயிற்று. பள்ளிக்கூடத்தில் முட்டி போட்டதுதான் மிச்சம். ஐந்தாம் வகுப்போடு நின்று கடைக்குப் போய்விட்டார்.

பிற்காலத்தில் வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்தபோது அண்ணன் மாதிரி எத்தனையோ பேரைப் பார்த்தேன். கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டேன், இந்தச் சலானைக் கொஞ்சம் எழுதிக்கொடுங்கள் தம்பி என்று நீட்டுவார்கள். நல்ல வேட்டி சட்டை, நல்ல வியாபாரம். முதல் தடவை கண்ணாடிதான் என்று நினைப்போம். பத்தாவது தடவையில் புரியும்.

அம்மையார் கதைக்கு வருகிறேன். அந்தப் பிள்ளைகளுக்கு என்ன செய்யலாம் என்று தேடியபோது இரண்டு பிரெஞ்சுக்காரர்களின் எழுத்து அவருக்குக் கிடைத்தது. ஒருவர் இட்டார், காட்டில் தனியாகத் திரிந்த ஒரு சிறுவனைக் கொண்டுவந்து பயிற்றுவிக்கப் பார்த்தவர். மற்றவர் செகுவான், மந்தபுத்தி என்று தள்ளப்பட்ட பிள்ளைகளுக்கே பள்ளி நடத்தியவர். இவர்கள் நூல்களை அம்மையார் இத்தாலிய மொழியில் பெயர்த்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தன் கையாலேயே எழுதிப் படியெடுத்தார். கையால் எழுதினால்தான் ஒவ்வொரு சொல்லையும் எடைபோட முடியும் என்பது அவர் எண்ணம். லெட்ஜர் காலத்து ஆட்களான நமக்கு இது விளங்கும்.

1898-இல் டூரின் நகரத்தில் நடந்த கல்வி மாநாட்டில் எழுந்து பேசினார். இந்தப் பிள்ளைகளின் பிரச்சினை மருந்தால் தீர்க்கவேண்டியது அல்ல, பெரும்பாலும் கற்பிக்கும் முறையால் தீர்க்கவேண்டியது என்பது பேச்சின் சாரம். ஒரு டாக்டரே இப்படிச் சொன்னதால் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். 1900-இல் ரோமில் இத்தகைய பிள்ளைகளுக்காக ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கியது. மொன்டெசானோ என்ற டாக்டரும் அம்மையாரும் அதன் இயக்குநர்கள். காலை முதல் மாலை வரை தானே உட்கார்ந்து கற்பித்தார், இரவில் அன்று நடந்ததைக் குறித்துவைத்தார்.

அங்கே பதினோரு வயதுப் பெண் ஒருத்தி. கையில் பலம் இருந்தும் துணியில் ஊசியை மேலும் கீழுமாக விட்டு எடுக்க வரவில்லை. நாள்கணக்கில் சொல்லிக்கொடுத்தும் பயனில்லை. தையலை அப்படியே நிறுத்திவிட்டு, காகிதப் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்கும் விட்டுப் பாய் முடைவதுபோன்ற ஒரு விளையாட்டைக் கொடுத்தார். அது நன்றாகக் கைவந்தது. பிறகு ஊசியைக் கொடுத்தால் அந்தப் பெண் தைக்கிறாள். தையல் சொல்லிக்கொடுக்காமலே தையல் வந்துவிட்டது, கைக்குத் தேவையான அசைவு முன்கூட்டியே பழகிவிட்டதால்.

எழுத்தையும் இதே வழியில் பிடித்தார். எழுதுவது என்பது ஒரே வேலை மாதிரி தெரிந்தாலும் அதற்குள் பல வேலைகள் உண்டு. எழுத்தின் வடிவம் ஞாபகம் இருக்கவேண்டும், அதன் ஒலி தெரியவேண்டும், பென்சில் பிடிக்கக் கை பழகவேண்டும், சொல்லின் ஒலிகளைப் பிரித்துப் பார்க்கத் தெரியவேண்டும். நம் பள்ளிக்கூடம் நான்கையும் ஒன்றாகக் கேட்கும், ஒன்று வராவிட்டாலும் நான்கும் தப்பு என்று போடும். அம்மையார் தனித்தனியாகப் பிரித்தார். மரத்தில் எழுத்துகளைச் செய்யவைத்தார், உயிரெழுத்து சிவப்பு, மெய்யெழுத்து நீலம். பிள்ளைகள் கண்ணால் பார்த்து, விரலால் எழுதும் திசையிலேயே தடவி, வாயால் ஒலியைச் சொன்னார்கள். கண், விரல், காது மூன்றும் ஒரே நேரத்தில். ஒன்று ஏமாற்றினால் மற்ற இரண்டு கைகொடுக்கும்.

விடுதியிலிருந்து வந்த அந்தப் பிள்ளைகளில் சிலர் பொதுப் பள்ளிக்கூடத்துப் பரீட்சையில் மற்றப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, எழுதப் படிக்கத் தெரியும் என்று தேறினார்கள். ஊரே அதிசயித்தது. அம்மையாருக்கு அதில் பெருமையைவிடக் கவலைதான் மிஞ்சியது. மந்தபுத்தி என்று தள்ளிய பிள்ளையே ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தால் இவ்வளவு தூரம் வரமுடிகிறது என்றால், சாதாரணப் பள்ளிக்கூடத்தில் நல்ல பிள்ளைகளை என்ன செய்து இவ்வளவு தாழ்வாக வைத்திருக்கிறார்கள் என்று யோசித்தார். அவர் வாழ்க்கையில் மிகப் பெரிய கேள்வி இதுதான் என்பேன். நூறு வருஷத்துக்கு மேலாகியும் பதில் எழுதி முடியவில்லை.

இந்த வருடங்களில் அவர் சொந்த வாழ்க்கையில் நடந்தது வேறு. மொன்டெசானோவோடு அவருக்குப் பழக்கம், 1898-இல் ஓர் ஆண் குழந்தை. திருமணம் நடக்கவில்லை. வெளியில் தெரிந்தால் அன்றோடு அவர் வேலை முடிந்தது. மரியோ என்ற அந்தக் குழந்தையைக் கிராமத்தில் ஒரு குடும்பத்திடம் வளர்க்கக் கொடுத்துவிட்டு, அவ்வப்போது போய்ப் பார்த்துவந்தார். ஊரார் பிள்ளைகளின் கையைப் பிடித்து எழுத்தைத் தடவவைத்தவருக்குத் தன் பிள்ளையின் கையைப் பிடிக்க முடியவில்லை. மொன்டெசானோ வேறு பெண்ணை மணந்துகொண்டார். 1901-இல் அம்மையார் அந்தப் பள்ளியை விட்டு விலகினார். மகன் அவரிடம் வந்து சேர்ந்தது பதினைந்து வயதை ஒட்டி. அப்புறமும் வெகுகாலம் வெளியாரிடம் உறவுக்காரப் பையன் என்றே சொல்லவேண்டியிருந்தது.

இந்த அனுபவத்தோடுதான் 1907 ஜனவரி 6-ஆம் தேதி சான் லொரென்சோவின் வாடகை வீட்டுப் பிள்ளைகளிடம் வந்தார். ஐம்பதுக்கு மேற்பட்ட குழந்தைகள், மூன்று வயதிலிருந்து ஆறு ஏழு வரை. பெற்றோருக்குச் சில நிபந்தனைகள் உண்டு. பிள்ளையைச் சுத்தமாக அனுப்பவேண்டும், வாரம் ஒருமுறையாவது தாய் வந்து ஆசிரியையிடம் பேசவேண்டும். ஆசிரியையும் அதே கட்டடத்திலேயே குடியிருப்பார். மர எழுத்துகளை மறுபடி செய்துதர ஆள் கிடைக்கவில்லை. சரி என்று உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி அட்டையில் ஒட்டிக் கொடுத்தார். அதுவே மரத்தைவிட நல்லதாகப் போயிற்று. சொரசொரப்பு இருப்பதால் விரல் கோட்டைவிட்டு நழுவினால் உடனே குழந்தைக்கே தெரிந்துவிடும், டீச்சர் திட்டவேண்டியதில்லை.

அந்த டிசம்பரில் ஒரு நல்ல வெயில் நாள். பிள்ளைகளோடு மொட்டைமாடியில் இருந்தபோது, ஐந்து வயதுப் பையனிடம் சாக்பீஸைக் கொடுத்து எதிரே தெரிந்த புகைபோக்கியை வரையச் சொன்னார். தரை ஓட்டின்மேல் வரைந்தான். அவர் பாராட்ட, அவனுக்கு ஏதோ தோன்றிக் கை என்ற சொல்லை எழுதினான். பிறகு புகைபோக்கி, பிறகு கூரை. தனக்கு எழுத வருகிறது என்று அவன் போட்ட கூச்சலில் மற்றப் பிள்ளைகளும் ஓடிவந்து சாக்பீஸ் கேட்டார்கள். அதற்குமுன் அவர்கள் ஒரு சொல்லைக்கூட எழுதியதில்லை. தடவியதும் ஒலி சொன்னதும் மட்டும்தான். கையில் தயாராக இருந்தது ஒருநாள் வெளியே வந்துவிட்டது. எழுத்து முதலில், படிப்பு சில வாரம் கழித்து, இதுதான் அங்கே கண்ட வரிசை.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். இத்தாலிய மொழியில் சொல்கிறபடியே எழுதலாம், அதனால் காரியம் சுலபம். தமிழில் பாதி சுலபம், பாதி கஷ்டம். ல ள ழ, ர ற, ண ந ன குழப்பம் நமக்குத் தெரிந்ததே. அதைவிடக் குழந்தைக்குக் கஷ்டமானது கொம்பு. கே என்று சொல்லும்போது வாய் ககரத்தை முன்னால் சொல்கிறது, கை இரட்டைக் கொம்பை முன்னால் போடுகிறது. கொ என்றால் இரண்டு பக்கமும் குறி. எழுத்தை இடம் மாற்றிப் பார்க்கிற பிள்ளைக்கு இது பெரிய சோதனை. இதோடு மூன்று வயதிலேயே ஆங்கிலத்தையும் தலையில் கட்டுகிறோம், அதிலோ சொல்வது ஒன்று, எழுதுவது ஒன்று.

ஆனால் நம் முன்னோருக்கு விரலின் அருமை தெரிந்திருந்தது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலைப் பரப்பி, உரக்கச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதவைத்தார்கள். விஜயதசமியன்று நெல்லில் எழுதவைப்பதை இன்னும் செய்கிறோம், ஒரே ஒரு நாள். சிலேட்டும் நோட்டும் வந்த பிறகு மணலை நாகரிகமில்லை என்று விட்டுவிட்டோம். திண்ணை வாத்தியார் கையில் பிரம்பும் இருந்தது, அதையும் மறைக்கவேண்டாம். மணலை விட்டுவிட்டுப் பிரம்பை மட்டும் ரொம்ப நாள் வைத்திருந்தோம் என்பதுதான் என் வருத்தம்.

அதற்குப் பின் அம்மையாருக்கு உலகப் புகழ். 1909-இல் புத்தகம், 1913-இல் அமெரிக்கப் பயணம், ஊரெல்லாம் பள்ளிகள். 1931-இல் லண்டனில் காந்தியடிகள் அவருடைய பயிற்சி நிலையத்துக்கு வந்து பேசினார். முசோலினி முதலில் ஆதரித்தார், பிறகு பிள்ளைகளைத் தன் படைக்கு ஆள் சேர்க்கிற இடமாக்கப் பார்க்க, அம்மையார் ஒத்துப்போகவில்லை. 1934-இல் இத்தாலியில் அவர் பள்ளிகள் மூடப்பட்டன. ஸ்பெயினுக்குப் போனார், அங்கே உள்நாட்டுப் போர். ஹாலந்துக்குப் போனார்.

1939-இல் அறுபத்தொன்பது வயதில் சென்னை வந்தார். அடையாறு பிரம்மஞான சபைத் தலைவர் அருண்டேல் அழைத்திருந்தார். நாடு முழுவதிலுமிருந்து முந்நூறு பேர் அளவில் பயிற்சிக்கு வந்து, ஓலைக் கொட்டகையில் உட்கார்ந்து கேட்டார்கள். அம்மையார் இத்தாலிய மொழியில் பேசுவார், மகன் மரியோ ஆங்கிலத்தில் சொல்லுவார். சில மாதங்களில் திரும்பிப் போவதாக ஏற்பாடு. 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் இருவரும் எதிரி நாட்டுப் பிரஜைகள் ஆகிவிட்டார்கள். மரியோவை அகமத்நகர் முகாமில் அடைத்தார்கள், அம்மையார் அடையாறு வளாகத்தை விட்டு நகரக்கூடாது என்றார்கள். ஆகஸ்டு 31-ஆம் தேதி, அவருடைய எழுபதாவது பிறந்தநாளில், வைஸ்ராய் மரியோவை விடுதலை செய்தார். பிறந்தநாள் பரிசாக மகனைத் திருப்பி அனுப்புவதாக அந்தச் செய்தி சொன்னது. உறவுக்காரப் பையன் என்ற பேச்சு அதோடு முடிந்தது. நாற்பது வருஷமாக மறைத்த ஒரு சொல்லை வெள்ளைக்காரச் சர்க்கார் சொல்லிவிட்டது.

சென்னை வெயில் தாங்காமல் 1942-இல் கொடைக்கானல் போய் இரண்டு வருடம் அளவில் அங்கே இருந்தார். போர் முடிந்து 1946-இல் ஊர் திரும்புவதற்குள் இந்தியாவிலும் இலங்கையிலுமாக ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்களைப் பயிற்றுவித்திருந்தார். மறுவருஷமே திரும்ப வந்து இன்னும் இரண்டு வருடம் அளவில் இருந்தார்.

ஏழைத் தொழிலாளியின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய முறை, இன்று நம் ஊரில் அதிகக் கட்டணம் வாங்கும் பள்ளிகளின் பெயராகிவிட்டது. அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் பலகையில் போட்டுக்கொள்ளலாம், தடை கிடையாது. உள்ளே உப்புத்தாள் எழுத்து இருக்கிறதா, பிள்ளையை அதன் போக்கில் விடுகிறார்களா என்று போய்ப் பார்த்துச் சேர்ப்பதே நல்லது. இன்னொன்று, அவர் முறை டிஸ்லெக்சியாவுக்கு மருந்து அல்ல, அப்படி அவர் சொல்லவும் இல்லை. ஆனால் பின்னால் அமெரிக்காவில் ஆர்ட்டன் என்ற டாக்டரும் கில்லிங்ஹாம் என்ற ஆசிரியையும் அந்தப் பிள்ளைகளுக்கென்றே வகுத்த முறையிலும் கண், காது, கை மூன்றையும் சேர்த்துத்தான் கற்பிக்கிறார்கள்.

நம் பிளாக்குகளிலும் எழுத்தைத் திருப்பிப் போடுகிற, வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் வயிற்றுவலி என்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். சோம்பேறி என்று முடிவுகட்டுமுன் ஒரு பரிசோதனை செய்துவிடுங்கள். சென்னையில் 1990களின் தொடக்கத்திலிருந்து மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இந்த வேலையைச் செய்துவருகிறது. 2016-ஆம் வருடச் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கிறது. சான்றிதழ் இருந்தால் பரீட்சையில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் என்று சலுகைகள் உண்டு. சான்றிதழ் வாங்கினால் பெண்ணுக்கு நாளைக்கு வரன் பார்ப்பதில் சிக்கல் வருமே என்று ஒரு தாத்தா என்னிடம் கேட்டார். பத்தாம் வகுப்புப் பரீட்சை அதற்கு முன்னால் வருகிறது என்றேன்.

அம்மையார் கடைசிவரை ஓயவில்லை. 1952 மே 6-ஆம் தேதி ஹாலந்தில் நோர்ட்வைக் என்ற கடலோர ஊரில் தங்கியிருந்தார். ஆப்பிரிக்காவில் ஆசிரியர் பயிற்சிக்குப் போகவேண்டும் என்று அன்று மகனிடம் பேசிக்கொண்டிருந்தார். இந்த வயதில் அந்தப் பயணம் வேண்டாமே என்று மகனுக்கு எண்ணம், அவருக்கு அது பிடிக்கவில்லை. சற்று நேரத்தில் மூளையில் ரத்தம் கசிந்து உயிர் பிரிந்தது. வயது எண்பத்தொன்று. எங்கே இறந்தாரோ அங்கேயே அடக்கம் செய்தார்கள்.

1990-இல் இத்தாலி வெளியிட்ட ஆயிரம் லிரா நோட்டில் அவர் முகம் இருந்தது, பின்பக்கத்தில் படித்துக்கொண்டிருக்கும் குழந்தைகள். ஆயிரம் லிரா என்றால் பெரிய தொகை என்று நினைக்கவேண்டாம், அந்த நாட்டில் அதுதான் இருந்ததிலேயே சின்ன நோட்டு, எல்லார் பையிலும் கிடக்கும். யூரோ வந்ததும் அதுவும் செல்லாததாகிவிட்டது.